கொலைகாரனைச் சொல்லாதேங்கோ, மாஸ்டர்

மதிப்பீட்டுரை நடந்துகொண்டிருக்கும்போது என் அண்ணை எழுந்து நின்றார்.

எங்கள் கோப்பாய்ப் பக்கத்துப் புத்தக வெளியீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மதிப்பீட்டுரையின்போது சனம் தூங்கும். தொலைபேசி பார்க்கும். பின்கதவால் நழுவிப் போய்த் தேத்தண்ணி எந்த அளவில் நிற்கிறது என்று விசாரித்துவிட்டு வரும். ஆனால் எழுந்து நிற்பதில்லை. எழுந்து நின்றால் ஒன்று நெஞ்சு நோவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அரசியலாக இருக்கவேண்டும்.

அண்ணைக்கு இரண்டும் இல்லை. சற்று முன் மேடையில் வாங்கிய முதற்பிரதி கையில் இருந்தது. அதில் கட்டிய மஞ்சள் றிபனைக்கூட அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. நான் மேடையின் ஓரக் கதிரையில், படம் வரைந்தவர் என்ற கணக்கில், பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தேன்.

"மாஸ்டர், ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார் அண்ணை.

ஒலிவாங்கி இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசை வாங்குவரை கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவரின் குரல் அது.

இதற்கு முன் நடந்ததைச் சொல்லாமல் பின் நடந்ததைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே கொஞ்சம் பின்னால் போகிறேன். அண்ணை அங்கேயே நிற்கட்டும்.

கல்வெட்டுக்காரர்

யாழ்ப்பாணம் நகரத்தில் அச்சகம் வைத்திருக்கும் தயாபரனை நான் அறிந்தது கல்வெட்டு மூலம். கல்வெட்டு என்றதும் வேறு ஊர்க்காரர்கள் சோழர் காலத்துக்குப் போய்விடவேண்டாம். செத்தவரின் முப்பத்தொன்றாம் நாளுக்கு அடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம்தான் எங்களுக்குக் கல்வெட்டு. அதன் உள் அட்டைக்குப் பிள்ளையாரும், ஓரத்துக்குக் குத்துவிளக்கும் வரைந்து கொடுப்பது, சித்திர ரீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எனக்குப் பொழுதுபோக்கு. பொழுது நன்றாகவே போயிற்று. எங்கள் ஊரில் சாவுக்குக் குறைவில்லை.

ஒருநாள் தயாபரன் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் கிடைத்ததாம். உலகம் முழுக்கக் கொண்டாடிய ஒரு துப்பறியும் நாவல். எங்கடை ஆள் ஒருவர் எந்தக் காலத்திலோ தமிழாக்கம் செய்தது.

"ரீச்சர், எத்தினை நாளைக்குச் செத்த ஆக்களுக்கே புத்தகம் அடிக்கிறது? உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு அடிச்சுப் பாப்பம். மெல்லிய அட்டை, கையடக்கம், உள்ளுக்கை உங்கடை படங்கள்."

நான் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்ததும் கதிரையில் இருந்துவிட்டேன். தயாபரன் எனக்குத் தலைச்சுற்று என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினான்.

நாவலின் பெயரை இங்கே எழுதமாட்டேன். பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. விடையைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த கட்டுப்பாடு உங்களுக்கு இனித் தெரியும்.

ஒற்றைச் செருப்பு

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சிவராசா அண்ணை. நடுவில் நான். கடைசி குகன்.

இந்த நாவலைக் குகன் பண்டத்தரிப்பில் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். கிணற்றுக்கட்டில் ஏறிக் குந்தியவன் சாப்பிடவும் இறங்காமல் ஒரே இருப்பில் முடித்துவிட்டு அண்ணையிடம் கொடுத்தான். அண்ணையோ பஸ் ஓட்டுவதுபோல்தான் வாசிப்பார். எல்லாத் தரிப்பிலும் நிற்பார். "இந்தச் சமையல்காரி ஏன் இப்ப சிரிச்சவள்?" என்று புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு அரை நாள் யோசிப்பார். அவருக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கும்போது, சண்டை கிட்ட வந்து ஊரே வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது.

தென்மராட்சியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தையல் மெஷின் வந்தது, காணி உறுதி வந்தது, அம்மி கூட வந்தது. புத்தகம் தலையணைக்குக் கீழே கிடந்துவிட்டது.

சில நாள் கழித்துக் குகன், வீட்டுக்குப் போய்த் தண்ணி இறைக்கிற மெஷினைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். நிறையப் பேர் அப்படிப் போய்ப் போய் வந்துகொண்டிருந்த நேரம்.

அண்ணை படியில் இருந்தார். "வரேக்கை என்ரை புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா. தலையணைக்குக் கீழை கிடக்கு" என்றார்.

குகன் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "உந்தப் புத்தகத்தை ஏன் சுமக்கவேணும், அண்ணை? டொக்டர்தான் கொலைகாரன். முடிஞ்சுது கதை."

அண்ணை செருப்பைக் கழற்றி எறிந்தார். உண்மையாகவே கோபம். அது கரியரில் பட்டு விழுந்தது. குகன் குனிந்து எடுத்துக் கரியரில் செருகிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனான்.

அவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. தேடாத இடமில்லை. அதைப்பற்றி நான் எழுதிவரும் இந்தத் தொடரில் முன்பு ஒருமுறை எழுதினேன், இன்னொருமுறை எழுதத் தெம்பில்லை.

ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் ஓடும் இல்லை, கதவும் இல்லை, மெஷினும் இல்லை, தலையணையும் இல்லை. அண்ணை மற்ற ஒற்றைச் செருப்பை நெடுங்காலம் வைத்திருந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டொக்டரா, இல்லையா?

அன்றிலிருந்து அண்ணைக்கு ஒரே கேள்வி. குகன் உண்மையைச் சொன்னானா, பகிடி விட்டானா?

உண்மையாக டொக்டர்தான் என்றால், தம்பி கடைசியாகச் செய்த காரியம் தமையனின் கதையைக் கெடுத்தது. இல்லையென்றால் வேறு கதை. ஒரு துப்பறியும் நாவலில் இத்தனை பெரிய விஷயம் தொங்கும் என்று அதை எழுதியவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைக்கும், அண்ணைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தானே என்பீர்கள். கனடாவில் இருக்கிற அவரின் மகன் ஒருமுறை தொலைபேசியில், "அப்பா, நான் இப்ப இன்ரநெற்றிலை தட்டிப் பாத்துச் சொல்லட்டே?" என்றான். அண்ணை தொடர்பைத் துண்டித்துவிட்டு இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

"ஆரும் சொன்னா அது அவை சொன்னது. அவன் வாசிச்ச மாதிரி நானும் வாசிச்சு அறியவேணும்" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

அண்ணி காலமான பிறகு அண்ணையும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆகவே தயாபரன் போனதும் நான் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொடியில் சாரம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதை இழுத்து இழுத்து நேராக்கிவிட்டு, "அப்ப நீ வாசிக்கப்போறாய்" என்றார்.

"வாசிக்காமல் எப்பிடி அண்ணை படம் கீறுறது?"

"வாசி. முகத்தைப் பாத்துக்கொள், விடை அதிலை தெரியக்கூடாது."

குளிர்சாதனப் பெட்டியும் பனியும்

முகத்தைப் பார்த்துக்கொள் என்பது சொல்லச் சுகம். வாசித்து முடித்த அன்று எனக்கு விடை தெரிந்துவிட்டது. அதோடு சோற்றுக்கோப்பையைக் கொடுப்பதென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கொடுத்தேன். அண்ணையும் சுவரைப் பார்த்துத்தான் வாங்கினார். இரண்டு பேர் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் சீவிப்பது உடம்புக்கு நல்லதல்ல.

படங்களும் லேசாக வரவில்லை. கதையில் பனி கொட்டுகிறது. நான் கண்ட ஒரே பனி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் பிடிப்பது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைந்தேன். அந்த மாதம் பால் எல்லாம் திரைந்து போயிற்று. மாளிகையின் பின்னால் வரும் மலைக்குக் கீரிமலையை நினைத்துக்கொண்டு தொடங்கினேன். பெயரில் மலை இருக்கிறதே தவிரப் பார்த்து வரைய அங்கே மலை இல்லை என்பது பென்சிலை எடுத்த பிறகுதான் உறைத்தது.

பிணத்தை வரைந்து கொடுத்தபோது தயாபரன் நெளிந்தான். "ரீச்சர், கோவிக்கவேண்டாம். செத்தவர் நல்லாச் சிரிக்கிறார்." கல்வெட்டுக்கு வரைந்து பழகிய கை. செத்தவர்களைச் சந்தோசமாகக் காட்டித்தான் எனக்குப் பழக்கம்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது டொக்டர். அவரைக் கொஞ்சம் இருட்டாக வரைந்தால் அண்ணை ஒன்று நினைப்பார். வெளிச்சமாக வரைந்தால் இன்னொன்று நினைப்பார். அழித்து அழித்துக் கடதாசி பொத்துப்போனது. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவைத்தேன். பிறகு அதுவே சந்தேகம் தரும் என்று பயந்து கதையில் வருகிற ஏழெட்டுப் பேரையும் ஒரு படத்திலாவது முதுகு காட்டவைத்தேன். புத்தகத்தைப் பார்த்த ஒருவர் இதை நவீன பாணி என்று பாராட்டியிருந்தார்.

அண்ணை இந்த நாட்களில் என் அறைப் பக்கமே வரவில்லை. முற்றத்தால் போக வேண்டியிருந்தால் யன்னலைக் கடக்கும்வரை தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார். ஒருமுறை அப்படிப் போய்த் தேசிமரத்தில் மோதிக்கொண்டார்.

மதிப்பீட்டுரை இல்லாத வெளியீடோ?

எல்லாம் அச்சாகி வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

புத்தகம் என்று ஒன்று வந்தால் வெளியீட்டு விழா வைக்கவேண்டும். விழா என்றால் விளக்கேற்ற வேண்டும், அகவணக்கம் செலுத்த வேண்டும், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, முதற்பிரதி, மதிப்பீட்டுரை எல்லாம் வரவேண்டும். மதிப்பீட்டுரை என்றால் ஒரு பெரியவர் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, வந்திருப்பவர்களில் ஒருவருக்கும் இனி வாசிக்கத் தேவையில்லாத அளவுக்கு விளக்கமாகச் சொல்வார். கவிதைப் புத்தகத்துக்கு அது உபகாரம்தான். துப்பறியும் நாவலுக்கு யாரும் யோசிக்கவில்லை. அழைப்பிதழ் என் கைக்கு வந்தபோது எல்லாம் நிரை நிரையாக அச்சிட்டு முடிந்திருந்தது. முதற்பிரதி பெறுபவர் சிவராசா அவர்கள் என்றும் இருந்தது. அது என் விருப்பம்.

தயாபரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உந்த மதிப்பீட்டுரையை எடுத்துவிடு."

"ஐயோ ரீச்சர்! மதிப்பீட்டுரை இல்லாத வெளியீடோ? சனம் என்ன கதைக்கும்? மாஸ்டர் இப்பவே முக்கால்வாசி எழுதிப்போட்டாராம்."

மாஸ்டர் என்றது நடராசா மாஸ்டரை. கணிதம் படிப்பித்தவர், பிறகு அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். தயாபரனும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். குகனின் கதையை நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கொலைகாரன் யார் என்பதை மட்டும் சபையில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, எனக்கு இது தெரியாதே? கொலையாளியின்ரை பேர் என்ரை வாயிலை வராது."

அவர் சொன்ன சொல் தவறாதவர். அதுதான் எங்களுக்கு வினையாயிற்று.

கழித்துக்கொண்டு போவோம்

விழாவன்று வாசிகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் பொரித்த பற்றிஸ் வாசம். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கியையே இதற்கும் கட்டியிருந்தார்கள். மண்டபத்தை விட்டு வெளியே போனாலும் தப்பமுடியாது.

அண்ணை முதற்பிரதியை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தார். பிரிக்கவில்லை. வீட்டில் தனியாகத்தான் பிரிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் ஒலிவாங்கிக்கு வந்து தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

"சபையோரே, கொலையாளி யார் என்பதை நான் கூறமாட்டேன். அது வாசகருக்கு இழைக்கும் துரோகம். ஆயினும் கொலையாளி யார் யார் அல்லர் என்பதை நிறுவுவதில் தடையேதும் இல்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போவோம்."

தயாபரனைப் பார்த்தேன். அவன் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் சமையற்காரியைக் கழித்தார். காரணம் மூன்று சொன்னார், மூன்றும் சரியானவை. அண்ணை கதிரை நுனிக்கு வந்தார். அடுத்து மருமகனைக் கழித்தார். பின்னால் யாரோ, "அட, நான் உவனெண்டல்லோ நினைச்சனான்" என்றது கேட்டது. அண்ணை இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். பொத்திக்கொண்டு ஓட்டுக்கூரையைப் பார்த்தார். அந்த ஒலிபெருக்கிக்குக் கை எந்த மூலைக்கு?

தோட்டக்காரனையும் கழித்து முடித்துவிட்டு மாஸ்டர் தாளைப் புரட்டினார். "அடுத்ததாக, டொக்டர்."

அப்போதுதான் அண்ணை எழுந்து நின்றார்.

"மாஸ்டர், ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன சிவராசா? உடம்புக்கு ஏலாதோ?"

"நான் இன்னும் வாசிக்கேல்லை."

சபை சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். "இஞ்சை ஒருத்தரும் வாசிக்கேல்லை. அதுக்குத்தானே வெளியீடு."

அண்ணை சிரிக்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். "எங்கடை குகன் எனக்குக் கடைசியாச் சொன்னது இந்தக் கதையைப் பற்றித்தான். டொக்டர்தான் கொலைகாரன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். பிறகு வரேல்லை. அவன் சொன்னது மெய்யோ பொய்யோ எண்டு நான்தான் வாசிச்சுப் பாக்கவேணும். அதுதான். குறை நினைக்காதேங்கோ."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் குகனைத் தெரிந்தவர்கள். மற்றப் பாதிப் பேரின் வீட்டிலும் ஒரு குகன் இருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடையில் இருந்துகொண்டு பட்டுச்சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

நடராசா மாஸ்டர் கையில் மிச்சமிருந்த தாள்களைப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என் உரை இத்துடன் இடைநிறுத்தப்படுகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் கதிரையில் அமர்ந்தார்.

கோப்பாயில் ஒரு மதிப்பீட்டுரை நேரத்துக்கு முன் முடிந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தேத்தண்ணி இன்னும் கொதிக்கவேயில்லை.

மிச்ச உரை

அண்ணை வாசிக்கத் தொடங்கினார். வழக்கம்போல எல்லாத் தரிப்பிலும் நின்றார். ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வரி வரியாகப் போனார். என் படம் வருகிற பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டு தாண்டினார். சித்திரக்காரிக்கு இதைவிட அவமானம் கிடையாது.

ஊருக்கும் பொறுமை இல்லை. சந்தைக்குப் போனால், "அண்ணை எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டார்கள். புத்தகம் வாங்கிக்கொண்டு போனவர்களில் முடித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஒருவரும் எங்கள் வாசற்படலையடியில் நின்று அதைப்பற்றிக் கதைக்கவில்லை. இந்த ஊரில் ஒரு விஷயம் அவ்வளவு நாள் வெளியே வராமல் இருந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நடராசா மாஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் வந்து படலையைத் தட்டினார். "முடிஞ்சுதோ?"

"இல்லை, மாஸ்டர்."

"அவசரமில்லை. உரை மிச்சம் கிடக்கு, அதுதான்."

அவர் பத்தாவது முறையோ பதினோராவது முறையோ வந்திருந்த ஒரு காலை, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணை அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். புத்தகம் மூடியிருந்தது. விரல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"டொக்டர் இல்லை" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். மாதக்கணக்கில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அவன் முழுக்க வாசிச்சவன்தானே?"

"வாசிச்சு முடிச்சுப்போட்டுத்தானே உங்களிட்டைத் தந்தவன்."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் மாத்திச் சொன்னவன்." அண்ணை கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். "எனக்குக் கதையைக் கெடுக்கேல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாறதெண்டுதான் போயிருக்கிறான்."

தேத்தண்ணி கோப்பையை மீறி வழிந்தது.

"அதுக்குப் போய்ச் செருப்பாலை எறிஞ்சனே, பிள்ளை" என்றார்.

அவர் அழுதார். இத்தனை வருடத்தில் நான் பார்க்க அழுதது அன்றுதான். நானும் அழுதேன். நடராசா மாஸ்டர் எழும்பிப் போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல், தேத்தண்ணி நனைந்த மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மாஸ்டர், மிச்ச உரையை வாசியுங்கோ."

"இப்பவோ? பிறகொருநாள் பாப்பம், சிவராசா."

"இல்லை. விட்ட இடத்திலையிருந்து வாசியுங்கோ."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தன. எழுந்து நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், சபையில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்ததாக, டொக்டர். டொக்டர் கொலையாளி அல்லர்."

"அதை இன்னொருக்கா வாசியுங்கோ, மாஸ்டர்" என்றார் அண்ணை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து வாசித்தார்.